பூட்டனுக்குத் தெள்ளு மருந்து

பிரெஞ்சில் தெள்ளுக்குப் பெயர் 'ப்யூஸ்'. குழந்தையைக் கொஞ்சும்போதும் 'மா ப்யூஸ்', என் தெள்ளே, என்பார்கள். பழைய சாமான்கள் விற்கும் சந்தையின் பெயர் 'தெள்ளுச் சந்தை'. கணினிக்குள் இருக்கும் சில்லுக்கும் அதே சொல்தான். 2020 ஜனவரியிலிருந்து மொன்றியலில் வளரும் நாய்க்கும் பூனைக்கும் தோலுக்குக் கீழே ஒரு 'மிக்ரோப்யூஸ்' கட்டாயம். அரிசிமணி அளவான அடையாளச் சில்லு அது. மாநகரசபையின் இந்த விதியை மகள் வாசித்துச் சொன்னபோது, எண்பதுகளில் அரசாங்க வகுப்பில் பிரெஞ்சு படித்த என் அம்மா தையலை நிறுத்திவிட்டுக் கேட்டா: "சின்னத் தெள்ளை ஏன் காசு குடுத்து ஏத்துறாங்கள்? நாய்க்கு அது சும்மாவே வருமே."

பூட்டன் எங்கள் நாய். மகள் வைத்த பெயர் 'பூட்டின்'. பொரித்த உருளைக்கிழங்கின் மேல் பாற்கட்டியும் குழம்பும் போட்டுச் சாப்பிடும் கியூபெக் உணவின் பெயர் அது. அம்மாவின் வாயில் முதல் நாளே பூட்டன் ஆகிவிட்டது. 11 கிலோ எடை, கலப்பினம், ஐந்து வயது. இரண்டாவது வயதில் வலிப்பு வந்தது. அன்றிலிருந்து காலையும் இரவும் வலிப்புக் குளிகை. வீட்டில் கறுப்பி என்றொரு பூனையும் உண்டு. பூட்டனின் வயிற்றோடு ஒட்டிச் சுருண்டுதான் அது தூங்கும். இந்த இரண்டு விபரங்களையும் வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். மருந்தைத் தீர்மானித்தவை அவைதான்.

மொன்றியலில் வீடு மாறுவதற்கென்றே ஒரு நாள் இருக்கிறது: ஜூலை 1. வாடகை ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை ஜூன் 30இல் முடிவதால், மற்ற மாகாணங்கள் கனடா தினம் கொண்டாடும்போது இங்கே மெத்தைகளும் குளிர்சாதனப் பெட்டிகளும் வளைந்த இரும்புப் படிகளில் இறங்கிக்கொண்டிருக்கும். நாங்களும் அப்படியொரு ஜூலை 1இல்தான் பார்க் எக்ஸ்ரென்சனில் ஒரு மூன்று தட்டு வீட்டின் நடுத்தட்டுக்குப் போனோம். முன்பு இருந்தவர்கள் இரண்டு கிழமைக்கு முன்பே வெளியேறியிருந்தார்கள். வீடு கூட்டித் துடைத்து, பெயின்ற் மணத்தோடு இருந்தது. மூன்றாம் நாள் அம்மாவின் கணுக்காலைச் சுற்றிச் சிவப்புப் புள்ளிகள்.

"நுளம்பு காலை மட்டும் தேடிக் கடிக்காது," என்றா அம்மா. "இது தெள்ளு."

வெறும் வீட்டில் தெள்ளு எப்படி? தெள்ளுப் புழு பட்டுப்பூச்சி போலக் கூடு கட்டும். கூட்டுக்குள் முழுவளர்ச்சி அடைந்த பிறகும் அவசரப்பட்டு வெளியே வராது. மேலே யாராவது நடக்கும் அதிர்வு, உடற்சூடு, மூச்சுக்காற்றின் கரியமிலவாயு, இவற்றில் ஒன்று வரும்வரை கிழமைக்கணக்காக, சிலவேளை மாதக்கணக்காகக் காத்திருக்கும். ஆட்கள் வந்து நடந்ததும் கூடு திறக்கும். ஜூலை 1இல் வீடு மாறுகிற நகரத்துக்கு ஏற்ற பூச்சிதான்.

அம்மா சொன்னதைச் சோதித்துப் பார்த்தோம். பூட்டனின் வாலடியை நெருக்கமான சீப்பால் வாரி, விழுந்த கறுப்புத் துகள்களை ஈரமான வெள்ளைக் கடதாசியில் வைத்தோம். மண் என்றால் மண்ணாகவே கிடக்கும். இவை செம்மண்ணிறமாகக் கரைந்து பரவின. தெள்ளின் எச்சம் என்பது சமிபாடடைந்த இரத்தம். கறுப்பியின் கழுத்திலிருந்தும் அதேதான் வந்தது. இதில் வியப்பில்லை. நாய்களில் மிகுதியாகக் காணப்படுவது பூனைத் தெள்ளு என்ற இனம்தான்.

எங்கள் ஆட்கள் பலர் தெள்ளையும் உண்ணியையும் ஒன்றாகவே பேசுவார்கள். ஊரில் அது பெரிய குழப்பமில்லை. இங்கே மருந்து வாங்கப் போகும்போது அது குழப்பம்தான். தெள்ளு ஆறு கால் பூச்சி. பக்கவாட்டில் தட்டையானது, மயிருக்குள் ஓடும், துள்ளும். உண்ணி எட்டுக் கால், சிலந்தியின் உறவு. துள்ளாது, தோலில் தலையைப் புதைத்து நாட்கணக்காக அங்கேயே ஊதிக்கொண்டிருக்கும். ஒன்றைக் கொல்லும் மருந்து மற்றதைக் கொல்லவேண்டும் என்றில்லை.

செய்தியை வெளியே சொல்லவே வீட்டில் தயக்கம். மொன்றியலின் பழைய வீடுகளில் மூட்டைப்பூச்சியால் பட்டவர்களுக்கு அந்த வெட்கம் தெரியும். பூச்சி என்றால் ஊத்தை, ஊத்தை என்றால் குடும்ப மானம். ஆனால் மேல்தட்டிலும் கீழ்த்தட்டிலும் நாய், பூனை இருக்கின்றனவா என்று கேட்காமல் இதைத் தீர்க்க முடியாது. மகள்தான் இரண்டு கதவையும் தட்டினாள். கீழ்வீட்டு மூதாட்டி தன் காலைக் காட்டினாராம். அவரும் ஒரு கிழமையாகச் சொறிந்துகொண்டுதான் இருந்திருக்கிறார், யாரிடமும் சொல்லவில்லை.

தெள்ளுதானே என்று விடவும் முடியாது. 1898இல் கராச்சியில் பிளேக் பரவியபோது, போல்-லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் நோயுற்ற எலியையும் நல்ல எலியையும் ஒன்றையொன்று தொடமுடியாதபடி கூண்டில் வைத்துப் பார்த்தார். தெள்ளு இருந்தபோது மற்ற எலிக்கும் நோய் தொற்றியது. பிளேக்கைக் கடத்துவது எலித்தெள்ளு என்றார். பல வருடங்கள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மொன்றியல் தெள்ளு பிளேக் கொண்டுவருவதில்லை. ஆனால் நாய் தன்னைக் கடித்துச் சொறியும்போது தெள்ளை விழுங்கினால் வயிற்றில் நாடாப்புழு வளரும். சில நாய்களுக்குத் தெள்ளின் எச்சிலே ஒவ்வாமை. ஒரு சில கடிக்கே தோல் புண்ணாகும்.

செய்தி வெளியானதும் வைத்தியம் நாலாபக்கத்திலிருந்தும் வந்தது. லாசாலில் இருக்கும் மச்சாள் உள்ளியை அரைத்துச் சோற்றோடு கொடுக்கச் சொன்னா. உள்ளியும் வெங்காயமும் நாயின் செங்குருதிக் கலங்களை உடைக்கக்கூடியவை, அதை விட்டோம். அம்மா வேப்பெண்ணெய் என்றா. பூட்டன் நக்கும், அவனைக் கறுப்பி நக்கும், பூனையின் உடம்பு எதைத் தாங்கும் என்பது வேறு கணக்கு. ரொறொன்ரோவிலிருந்து வந்த சித்தப்பா ஒரு பெட்டியையே கொண்டுவந்திருந்தார். அவருடைய பெரிய நாய்க்கு வாங்கிய கழுத்துச் சொட்டுமருந்தில் மிச்சம். "முப்பது கிலோ நாயின்ர மருந்து பிள்ளை. மூண்டிலொரு பங்கை விட்டாச் சரி. ஏன் காசைக் கரியாக்கிறியள்?"

சித்தப்பா அன்பாகத்தான் சொன்னார். நாங்கள் பகிர்ந்து வாழ்ந்த சனம். பனடோலைக்கூடப் பாதியாக உடைத்துக் கொடுப்போம். மகள் பெட்டியைத் திருப்பி, பொடி எழுத்தை வாசித்தாள். பெர்மெத்ரின் என்றிருந்தது. தெள்ளையும் உண்ணியையும் நன்றாகக் கொல்லும் மருந்து. நாயின் ஈரல் அதைச் சிதைத்து வெளியேற்றிவிடும். பூனையின் ஈரலுக்கு அந்த வேலையைச் செய்யும் நொதியம் போதாது. நாய்க்கான செறிவில் பெர்மெத்ரின் பட்ட பூனைக்கு நடுக்கமும் வலிப்பும் வரும், செத்தும் போகும். அதை நேரடியாகப் பூசவேண்டியதுகூட இல்லை. மருந்து காயாத நாயோடு ஒட்டிப் படுத்தாலே போதும். எங்கள் கறுப்பி படுக்கும் இடம் எது என்று முன்பே சொல்லியிருக்கிறேன்.

பங்கு போடுவதிலும் சிக்கல் உண்டு. மருந்துக் குழாயிலிருந்து கண்ணளவில் 'மூன்றிலொரு பங்கு' எடுப்பது அளவல்ல. 2009இல் அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு முகமை கழுத்துச் சொட்டுமருந்துகள் பற்றி வந்த முறைப்பாடுகளை ஆராயத் தொடங்கியது. 2010இல் வெளியிட்ட முடிவுகளில் சிறிய நாய்களே கூடுதலாகப் பாதிக்கப்பட்டதையும், நாய் மருந்து பூனைக்குப் பட்ட சம்பவங்களையும் சொல்லி, பெட்டியில் எழுதும் எச்சரிக்கைகளைத் தெளிவாக்கச் சொன்னது. எடைப் பிரிவுகள் விற்பனைத் தந்திரம் என்றுதான் சித்தப்பா நினைத்திருந்தார். பெட்டியை அவரிடமே கொடுத்தோம். இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை.

மிருக வைத்தியரிடம் போனோம். இப்போது எல்லாரும் விரும்புவது மெல்லும் குளிகை. ஐசோக்சசோலின் என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை: அஃபோக்சோலானர் மாதம் ஒன்று, ஃபுளூரலானர் பன்னிரண்டு கிழமைக்கு ஒன்று. மருந்து நாயின் இரத்தத்தில் இருக்கும். கடிக்கும் தெள்ளும் உண்ணியும் நரம்பு அளவுக்குமீறித் தூண்டப்பட்டுச் சாகும். பூசவேண்டாம், பூனை நக்கினாலும் பயமில்லை. பெரும்பாலான நாய்களுக்கு நல்ல மருந்து. வைத்தியர் பூட்டனின் கோப்பைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். 2018 செப்டெம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இந்தக் குடும்பத்து மருந்துகளால் சில நாய்களுக்கும் பூனைகளுக்கும் தசை நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு வந்ததை எச்சரிக்கையாக அறிவித்தது. முன்பு வலிப்பு வராத விலங்குகளுக்கும் வந்திருக்கிறது. ஏற்கனவே வலிப்பு உள்ள நாய்க்கு வேறு வழி இருந்தால் அதையே பார்க்கவேண்டும் என்றார்.

பூனையால் ஒரு கதவு மூடியது, வலிப்பால் இன்னொன்று. மிஞ்சியது இமிடாகுளோப்ரிட்டும் பைரிப்ராக்சிஃபெனும் கலந்த சொட்டுமருந்து. முதலாவது வளர்ந்த தெள்ளைக் கொல்லும். இரண்டாவது முட்டையும் புழுவும் வளராமல் தடுக்கும். பூட்டனுக்கு அவன் எடைக்கான நாய்க் குழாய், கறுப்பிக்கு அவள் எடைக்கான பூனைக் குழாய். தோள்களுக்கு நடுவே, நாக்கு எட்டாத இடத்தில், மயிரை விலக்கித் தோலில் படும்படி விடவேண்டும். இரண்டையும் காயும்வரை வெவ்வேறு அறையில் அடைக்கவேண்டும். அதற்கு முன்னும் பின்னும் சில நாட்களுக்குக் குளிப்பாட்டக்கூடாது, ஆற்றில் நீந்தவிடக்கூடாது. இந்த மருந்துகள் தண்ணீர்ப் பூச்சிகளையும் கொல்லும். 2020இல் வெளியான ஓர் ஆய்வு இங்கிலாந்தின் ஆறுகளில் இமிடாகுளோப்ரிட், ஃபிப்ரோனில் ஆகிய இரண்டும் பரவலாக இருப்பதைக் காட்டி, செல்லப்பிராணி மருந்துகளைச் சந்தேகப்பட்டது.

"இது உண்ணியைக் கொல்லாது," என்றார் வைத்தியர் முடிவில். "அதற்கு உங்கள் விரல்கள்தான்."

மருந்து விட்ட பத்தாம் நாளும் தெள்ளு துள்ளியது. சித்தப்பா தொலைபேசியில் சிரித்தார். ஆனால் அதுதான் நடக்கவேண்டியது. நாயின் மேல் காணும் வளர்ந்த தெள்ளு மொத்தத்தில் 5 வீதம் அளவுதான் என்று வைத்தியப் புத்தகங்கள் சொல்லும். மிச்சத்தில் பாதி முட்டை, பிறகு புழு, பிறகு கூடு. பெண் தெள்ளு ஒரு நாளில் நாற்பது, ஐம்பது முட்டை இடும். முட்டை ஒட்டாது, நாய் படுக்கும் இடமெல்லாம் உப்புப் போலக் கொட்டும். புழு வெளிச்சத்துக்குப் பயந்து கம்பளத்தின் அடிக்கும் பலகை இடுக்குக்கும் போகும். கூட்டுக்குள் இருப்பதை எந்த மருந்தும் எளிதில் தொடாது. எனவே மருந்து நாய்க்கு, வைத்தியம் வீட்டுக்கு.

அம்மாவுக்கு இது விளங்க நேரம் எடுக்கவில்லை. "ஊரிலை நாய் முத்தத்திலை கிடந்தது. நாங்கள் உள்ளுக்கை கிடந்தம். முத்தத்தை விடிய எழும்பிக் கூட்டுவம், வெயில் மிச்சத்தைப் பாக்கும்." உண்மைதான். தெள்ளுப் புழு வெயிலிலும் வறட்சியிலும் காய்ந்து சாகும். இங்கே முற்றமும் இல்லை, நாய் கட்டிலில் படுக்கிறது. வெயிலுக்குப் பதில் உலர்த்தும் இயந்திரம். கிழமைக்கு ஒரு தரம் படுக்கை விரிப்புகளையும் பூட்டனின் மெத்தை உறையையும் சுடுதண்ணீரில் தோய்த்து, கூடிய சூட்டில் உலர்த்தினோம். ஒவ்வொரு நாளும் வக்கியூம் பிடித்தோம், பையை உடனே கட்டி வெளியே போட்டோம். வக்கியூமின் அதிர்வுக்குக் கூட்டிலிருந்து வெளியே வரும் தெள்ளு, நடமாடும் சூட்டைத் தேடி நாயின் மேல் துள்ளும். அங்கே மருந்து இருக்கிறது. அதனால்தான் நாயை வீட்டை விட்டு அனுப்பிவைக்கக்கூடாது.

"அப்ப அந்தச் சீவனைத் தூண்டில் புழுவாக்கிப்போட்டியள்," என்றா அம்மா. அன்றிரவு பூட்டனுக்கு ஒரு துண்டு மீன் கூடுதலாகக் கிடைத்தது.

கீழ்வீட்டு மூதாட்டியின் பூனைக்கும் அவருடைய வைத்தியர் மருந்து கொடுத்தார். மூன்று மாதம், ஒவ்வொரு மாதமும் அதே திகதியில், தவறாமல் விட்டோம். மூன்று மாதம் என்பது கூட்டுக்குள் இருப்பவை வெளியே வந்து முடிவதற்கான காலம். இடையில் நிறுத்தியிருந்தால், குளிர்காலத்தில் சூடாக்கிய வீட்டுக்குள் அவை சுகமாகப் பெருகியிருக்கும். ஒக்டோபர் முடிவில் சீப்பில் எதுவும் வரவில்லை. செலவு மாதத்துக்கு இரண்டு குழாயின் விலை. பூட்டனுக்கு அந்த மூன்று மாதமும் வலிப்பு வரவில்லை.

உண்ணியை அம்மா பொறுப்பெடுத்தா. தெற்குக் கியூபெக்கில் லைம் நோய் பரப்பும் கருங்கால் உண்ணி கூடிக்கொண்டு வருகிறது. புல்லுக்குள் போய்வந்தால் பூட்டன் அம்மாவின் காலடியில் படுத்துவிடுவான். காதுமடலின் உள்ளே, கக்கம், விரலிடுக்கு, கழுத்துப்பட்டியின் கீழ் என்று விரல் நுனியால் தடவிக்கொண்டு போவா. ஊரில் மண்ணெண்ணெய் வைத்து எடுத்த கைதான். இப்போது நுனி கூரான குறட்டால் தோலோடு ஒட்டப் பிடித்து, நேராக மெதுவாக இழுக்கப் பழகிவிட்டா.

அடுத்த மே மாதம் புரோசாட்டில் உறவினர் வீட்டுப் புல்வெளிக்குப் போய்வந்த இரவு ஒன்று கிடைத்தது. முதுகில் வெள்ளைக் கோலம். மகள் அதைப் படம் எடுத்து, பிஷப்ஸ் பல்கலைக்கழகம் நடத்தும் 'ஈ-டிக்' தளத்துக்கு அனுப்பினாள். பொதுமக்கள் அனுப்பும் உண்ணிப் படங்களைப் பார்த்து இனம் சொல்லும் தளம் அது. அம்மா நித்திரைக்குப் போகவில்லை, படம் அனுப்பினால் உடனே பதில் வரும் என்று நினைத்து உட்கார்ந்திருந்தா. பதில் பிறகுதான் வந்தது: அமெரிக்க நாயுண்ணி, லைம் கடத்தும் இனமல்ல. மகள் வாசித்துச் சொன்னாள். அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பூட்டனைக் கூப்பிட்டா, மற்றக் காதையும் ஒருக்காப் பார்க்கவேண்டும் என்று.