முன்பணத்தைத் திருப்பிக் கேட்காத விருந்தாளிகள்

ஹட்டராஸ் துறையில் காரோடு ஃபெர்ரியில் ஏறிக்கொண்டோம். கட்டணம் கிடையாது; ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணம். அமெரிக்காவின் வட கரோலினா கரையோரத்தில் நீளவாக்கில் கிடக்கும் மணல் தீவுகளில் ஒன்று ஓக்ரகோக். பாலம் இல்லை. பாலும் பெட்ரோலும் மனிதர்களும் பெரும்பாலும் தண்ணீர் வழியாகத்தான் வர வேண்டும்.

இறங்கியதும் ஒற்றைச் சாலை. மணல்மேடுகளுக்கு நடுவே இருபது கிலோமீட்டர் போல ஓடிக் கிராமத்தில் போய் முடிகிறது. ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர். 1823இல் கட்டிய வெள்ளைக் கலங்கரை விளக்கம்தான் பார்க்க வேண்டிய இடம் என்றார்கள். எனக்கோ வீடுகளின் கால்கள்மேலேயே கண் போயிற்று. ஒரு வீடு தரையோடு இருக்கிறது. அடுத்தது ஆளுயரத்துக்கும் மேலான புது மரத்தூண்களில் நிற்கிறது.

காரணம், நாங்கள் தங்கிய வீட்டின் கதவு நிலையில் இருந்தது. வீட்டுக்கார அம்மாள் காட்டினார்: என் இடுப்புக்கு மேலே ஒரு பென்சில் கோடு, பக்கத்தில் '2019 செப்டம்பர் 6'. டோரியன் புயல் வந்த நாள்.

வெள்ளம் கடல் பக்கத்திலிருந்து வரும் என்றுதான் நம்மைப் போன்ற வெளியூர்க்காரர்கள் நினைப்போம். இங்கே அது முதுகுப்பக்கமாக வந்தது. புயல் நெருங்கியபோது காற்று, தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே உள்ள பாம்லிகோ காயலின் நீரை உள்நாட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போனது. புயல் கடக்கக் கடக்கக் காற்று திசை மாற, போன நீரெல்லாம் திரும்பி ஊருக்குள் பாய்ந்தது. ஏழடி வரை ஏறிய வெள்ளம் அது. "காபி போட்டேன், குடிப்பதற்குள் அடுப்பு மிதந்தது" என்றார் அம்மாள்.

தீயணைப்பு நிலையமே ஊருக்குச் சமையற்கட்டாகவும் பண்டசாலையாகவும் ஆனது. குடும்பங்களுக்கான மத்திய அரசின் நேரடி நிவாரணம் மறுக்கப்பட்டது. டிசம்பர் தொடக்கம் வரை சுற்றுலாப் பயணிகளுக்கு அனுமதியில்லை. விருந்தாளிகளை நம்பிப் பிழைக்கும் ஊருக்கு அவர்கள் வராவிட்டால் வருமானம் போச்சு. அந்த நேரத்தில் வந்திருந்தாலோ படுக்க இடமில்லை.

ஆண்டுதோறும் அதே வாரம், அதே வீடு என்று வந்து பழகியவர்கள் தூரத்திலிருந்தே ஊரோடு ஒட்டிக்கொண்டார்கள். தீவின் 90.1 சமூக வானொலியை இணையத்தில் கேட்டார்கள், பணம் அனுப்பினார்கள். சிலர் பழந்துணி மூட்டைகளையும் அனுப்பிவைக்க, அவற்றைப் பிரித்து அடுக்க ஆளில்லாமல் திண்டாடியதை அம்மாள் சிரித்துக்கொண்டே சொன்னார். ஒரு குடும்பம், கேட்காமலே, சுவரின் ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை அனுப்பியதாம். "அவர்களுக்குத்தான் பூஞ்சை என்றால் என்னவென்று தெரிந்திருந்தது."

குளிர்பதனப் பெட்டியின்மேல் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது. அந்தப் பருவத்துக்கு முன்பணம் கட்டி, தங்க முடியாமல் போயும் திருப்பிக் கேட்காதவர்களின் பெயர்கள். அவர்களுக்கு இன்றும் பழைய வாடகைதான்.

கிளம்பும்போது அடுத்த கோடைக்கு முன்பணம் கட்டினோம். அது புயல் பருவம்தான். புயல் வந்தால், திருப்பிக் கேட்பதாக இல்லை.