நான்கு தந்தையர், நான்கு தாய்மார்



எனக்குத் தாய்மார் நால்வர், தந்தையரும் நால்வர். இப்படிச் சொல்லும்போது சிலர் சிரிக்கிறார்கள். கணக்கைக் காட்டிவிட்டால் நீங்கள் சிரிக்கமாட்டீர்கள். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னைப் பெற்ற அம்மா அந்த நால்வரில் இல்லை. 1968-இல், எனக்கு ஆறு வயதாக இருந்தபோது, என் தம்பியைப் பெற்றெடுத்த மூன்றாம் நாள் அவர்கள் மவுத்தாகிவிட்டார்கள்.

எங்கள் ஊர் ஆரணி. பட்டுச் சேலையாலும் அரிசியாலும் பெயர் பெற்ற ஊர். கமண்டல நாகநதிக் கரையில் இருக்கிறது. நதி என்று சொன்னாலும் நாங்கள் அதில் கண்டதெல்லாம் பெரும்பாலும் மணல்தான். 'ஆரணி ரோடு' என்ற பெயர்ப்பலகையைப் பார்த்து ரயிலிலிருந்து இறங்கிவிடும் விருந்தாளிகள் களம்பூரில் நின்று விழிப்பார்கள். அங்கிருந்து ஊருக்கு வர இன்னும் பஸ் ஏற வேண்டும். இப்படி இறங்கித் தவிக்கும் உறவினரை அழைத்து வரும் வேலை எங்கள் சின்னச் சாச்சாவுக்கு உரியது.

காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் வாழும் நீங்கள் வாப்பா, உம்மா என்பீர்கள். எங்கள் பக்கத்தில் அத்தா, அம்மா. அக்கம்பக்கத்து உருது வீடுகளோடு கலந்து பழகியதால் அத்தாவின் சகோதரி எங்களுக்குப் புப்பு. அம்மாவின் சகோதரி காலா. அம்மாவின் சகோதரர் மாமு. தாதா கட்டிய வீட்டில் பெரியத்தா, அத்தா, நடுச் சாச்சா, சின்னச் சாச்சா என்று அண்ணன் தம்பிகள் நால்வரும் ஒரே அடுப்பில் உண்டு வாழ்ந்தார்கள். பெரியம்மா, காலா, சின்னச் சாச்சி, கணவரை இழந்து வீடு திரும்பிய புப்பு ஆகிய நால்வரும் அந்த அடுப்பை மூட்டினார்கள். நடுச் சாச்சா மணந்தது என் அம்மாவின் தங்கையை. ஆகவே சாச்சியாக இருக்க வேண்டியவர்கள் எனக்குக் காலாவாகவே இருந்தார்கள்.

பெரியத்தாவுக்கு நெல் மண்டியில் கணக்கு வேலை. வீட்டிலும் அவர்கள் எண்ணுவதை விடவில்லை. இஷாத் தொழுகை முடிந்து வந்ததும், கூடத்தில் வரிசையாகப் படுத்திருக்கும் பிள்ளைகளின் தலையை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எண்ணுவார்கள். பன்னிரண்டு சரியாக வந்த பிறகே தெருக்கதவுக்குத் தாழ்ப்பாள். அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்த இரவும் எண்ணினார்கள். நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன். பன்னிரண்டோடு நிற்கவில்லை, காலாவின் மடியில் கிடந்த பச்சைக் குழந்தையின் உச்சியில் விரலை வைத்து, "பதின்மூன்று" என்றார்கள். பிறகுதான் கதவைச் சாத்தினார்கள்.

அத்தா துணி மூட்டையுடன் போளூர், சேத்துப்பட்டுச் சந்தைகளுக்குப் போய்வரும் வியாபாரி. வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார்கள். இருந்தாலும் பேசமாட்டார்கள். அந்தக் குறையை நாங்கள் அறியாதபடி மற்ற மூவரும் பார்த்துக்கொண்டார்கள். நடுச் சாச்சாவுக்குச் சாயப்பட்டறையில் வேலை. கொதிக்கும் சாயத்தொட்டியில் பட்டு நூல் கழிகளை முக்கிப் புரட்டிப் புரட்டி அவர்களுடைய உள்ளங்கையில் ஒரு நிறம் ஏறியிருக்கும். மாலையில் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு வருவார்கள். "இன்று என்ன நிறம்?" என்று கேட்பார்கள். அரக்கு, மாம்பழம், கிளிப்பச்சை என்று நாங்கள் கத்துவோம். சரியாகச் சொன்ன பிள்ளைக்கு ஒரு பொரிவிளங்காய் உருண்டை. பிறருடைய கல்யாணங்களெல்லாம் எங்கள் சாச்சாவின் கையில் நிறமாகத் தங்கிப் போயின. ஆண்களுக்குப் பட்டு ஆகாது என்ற மார்க்கச் சட்டத்தால், ஆயுள் முழுவதும் பட்டோடு வாழ்ந்த அவர்கள் அதில் ஒரு முழம்கூட உடுத்தியதில்லை.

பெரியம்மாவின் திறமை கறியைப் பங்கிடுவதில் இருந்தது. இரண்டு கிலோ கறியில் இருபத்திரண்டு பேருக்குத் துண்டு வரும், தமக்கு வராது. "எனக்குக் குழம்புதான் பிடிக்கும்" என்ற அவர்களுடைய பேச்சை நாங்கள் நெடுங்காலம் நம்பினோம். சின்னச் சாச்சி சீராகக் கொண்டுவந்தது ஒரு வானொலிப் பெட்டி. இலங்கை வானொலியின் முஸ்லிம் நிகழ்ச்சியும் நாகூர் ஹனிபாவின் குரலும் அவர்களோடுதான் எங்கள் வீட்டுக்குள் வந்தன. பெரியத்தா முதலில் முகம் சுளித்தார்கள். பின்னர், நிகழ்ச்சி தொடங்கும் நேரத்தில் அவர்களே திண்ணையிலிருந்து இருமிக் காட்டுவார்கள்.

புப்புவைப் பற்றித் தனியாகவே எழுதலாம். தெருப் பெண்பிள்ளைகளுக்கெல்லாம் ஓதிக்கொடுத்தவர்கள். தமிழ் எழுத்து அவர்களுக்குத் தெரியாது. ஆனால் தமிழில் கடிதம் எழுதுவார்கள். அரபுத் தமிழை அறிந்த உங்களில் மூத்தவர்களுக்கு இதன் சூட்சுமம் புரியும். அரபு எழுத்தில் வலமிருந்து இடமாக, "நலம், நலமறிய ஆவல்" என்று ஆம்பூரிலுள்ள மாமுவுக்கு எழுதுவார்கள். தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை பார்த்த மாமு அதைப் படிக்கத் தெரியாமல் அங்குள்ள லெப்பை ஒருவரிடம் கொண்டு போவாராம். எங்கள் வீட்டு நலமெல்லாம் லெப்பையின் வாய்வழியாகத்தான் மாமுவை எட்டியது.

இனிக் காலாவுக்கு வருகிறேன். அம்மா மவுத்தானபோது காலாவுக்கு ஆறு மாதக் கைக்குழந்தை, பெண். அம்மா உண்டாகியிருந்தபோதே, "ஆணாகப் பிறந்தால் உன் மகளுக்குத்தான்" என்று சகோதரிகள் இருவரும் விளையாட்டும் வினையுமாகப் பேசி வைத்திருந்தார்கள். இரவெல்லாம் அழுத தம்பியைக் காலா மார்போடு அணைத்தபோது, பெரியம்மா கையைப் பிடித்துத் தடுத்தார்கள். பால்குடி உறவு வந்துவிட்டால் நிகாஹ் ஹராமாகிவிடும் என்பதை நீங்கள் அறிவீர்கள். அந்தக் காலத்தில் சீர் செனத்தியில்லாமல் வீட்டுக்குள்ளேயே ஒரு மாப்பிள்ளை கிடைப்பது எளிய குடும்பத்துக்குச் சிறிய காரியமன்று. "பிள்ளைக்கு இப்போது பசி. மாப்பிள்ளைப் பேச்சை இருபது வருடம் கழித்துப் பேசலாம்" என்று சொல்லிவிட்டுக் காலா பால் கொடுத்தார்கள். அந்த மகளுக்கு மாப்பிள்ளை தேடி நடுச் சாச்சா பிற்காலத்தில் எத்தனை ஊர் அலைந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். காலா ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

உஹதுப் போரில் ஷஹீதான ஹம்ஸா (ரலி) அவர்களுடைய மகளின் வரலாற்றைப் புப்பு சொல்லும்போதெல்லாம் நான் காலாவைத்தான் பார்ப்பேன். ஹிஜ்ரி 7-இல் நபி (ஸல்) அவர்கள் உம்ராவை முடித்து மக்காவிலிருந்து புறப்படுகையில், அந்தச் சிறுமி, "சிறிய தந்தையே" என்று அழைத்துக்கொண்டு பின்னால் ஓடி வருகிறாள். அவளை வளர்க்கும் உரிமைக்கு அலீ, ஜஃபர், ஸைத் (ரலி) ஆகிய மூவரும் போட்டியிடுகிறார்கள். ஜஃபருடைய மனைவி அச்சிறுமிக்குக் காலா. தாயின் சகோதரி தாயின் அந்தஸ்தில் இருப்பவள் என்று கூறி, நபியவர்கள் அவளை அந்த வீட்டுக்கே அனுப்பி வைத்தார்கள். தந்தையின் சகோதரரைப் பற்றியும் அப்படியே. யஃகூப் (அலை) அவர்களின் மக்கள் தம் தந்தையின் மூதாதையரைச் சொல்லும்போது இஸ்மாயீல் (அலை) அவர்களையும் தந்தையர் வரிசையில் சேர்த்துச் சொல்வதைச் சூரத்துல் பகராவில் காண்கிறோம். இஸ்மாயீல் நபியோ யஃகூப் நபிக்குப் பெரிய தந்தை. நம் தமிழும் இதைத்தானே செய்கிறது? பெரியம்மா, சின்னம்மா, பெரியப்பா, சிற்றப்பா எல்லாவற்றுக்குள்ளும் ஓர் அம்மாவோ அப்பாவோ இருக்கிறார்கள். இன்று என் பேரப்பிள்ளைகள் எல்லாரையும் 'அங்கிள்', 'ஆண்ட்டி' என்றே அழைத்துவிடுகிறார்கள். பஸ் கண்டக்டரும் அங்கிள், உடன்பிறந்த என் தம்பியும் அங்கிள்!

காலா வீட்டிலிருந்தபடியே கூலிக்குத் தார் சுற்றுவார்கள். ஊடைக்கான பட்டு நூலை ராட்டையில் ஓட்டிச் சிறு குச்சிகளில் சுற்றிக் கொடுத்தால், நெசவாளி அதை நாடாவுக்குள் வைத்து நெய்வார். 1982-இல் என் நிகாஹ் நிச்சயமானபோது, என் சேலைக்கான தாரைத் தவிர வேறெதையும் பத்து நாட்களுக்குத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள். நடுச் சாச்சா சாயம் தோய்த்தார்கள், கத்தரிப்பூ நிறம். சரிகைக்கான பணம் பெரியத்தாவுடையது. அத்தா நெசவுக் கூலியைக் கொடுத்தார்கள். சின்னச் சாச்சா சேலைகளைச் சென்னைக் கடைகளுக்குக் கொண்டுபோகும் தரகராக இருந்ததால், தறியைத் தேர்ந்ததும், நாள்தோறும் போய்ப் பார்த்ததும் அவர்கள்தாம். சேலை தறியிலிருந்து இறங்கியபோது கரையில் ஒரு பிழை. மாங்காய் வரிசையில் ஒரு மாங்காய் பாதியில் நின்று, அடுத்தது தொடங்கியிருந்தது. ஜக்காட்டு அட்டை தாவிவிட்டது. அப்படிப்பட்ட சேலைக்குக் கூலியைக் குறைப்பது வழக்கம். சாச்சா ஒரு பைசா குறைக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து விரித்து, "ஆயிரம் சேலைக்கு நடுவில் போட்டாலும் உன் சேலையை நீ கண்டுபிடித்துவிடலாம்" என்றார்கள்.

அத்தகைய சின்னச் சாச்சாவைத்தான் நான் பதினோரு வருடம் பார்க்காமல் இருந்தேன்.

தாதா மவுத்தானதும் பாகப்பிரிவினை வந்தது. என்ன சண்டை என்று கேட்பீர்கள். கிணறு எந்தப் பங்கில் விழுகிறது என்பதுதான். (அந்தக் கிணற்றில் இப்போது தண்ணீரே கிடையாது.) அத்தாவும் பெரியத்தாவும் ஒரு பக்கம், சின்னச் சாச்சா மறுபக்கம். 1987-இல் முற்றத்தின் நடுவே சுவர் எழுப்பக் கொத்தனார் வந்தார். அன்று காலை, கயிறு பிடித்த கோட்டின் மேலேயே காலா பாயை விரித்து ராட்டையுடன் அமர்ந்துவிட்டார்கள். பெரியத்தா எழச் சொன்னார்கள். "தறியில் ஆள் காத்திருக்கிறான். நான் எழுந்தால் அவன் கூலி போய்விடும்" என்றார்கள் காலா. மறுநாளும் அதே இடம், மூன்றாம் நாளும் அதே இடம். கொத்தனார் என்ன செய்வார்? இரு பக்கமும் கட்டிக்கொண்டு வந்தார். காலாவின் தலைக்கு மேலே ஒரு கல்லை வைத்து மூடினார். ஒரு பெண்ணும் ஒரு ராட்டையும் அமரும் அகலத்துக்குச் சுவரில் ஒரு வழி நின்றுவிட்டது. அதற்குக் கதவு போட இரு தரப்பாருக்கும் மனம் வரவில்லை. பிள்ளைகளும் குழம்புக் கிண்ணங்களும் அதன் வழியே போய்வந்தன. பெரியவர்கள் மட்டும் போகவில்லை. மூன்று நாளுக்கு மேல் பேசாதிருப்பது ஆகாது என்ற ஹதீஸை எங்கள் வீட்டில் அறியாதவர் இல்லை; புப்பு எல்லாருக்கும் ஓதிக்கொடுத்ததுதான்.

அப்போது நான் வேலூரில் வாழ்க்கைப்பட்டிருந்தேன். 1988-இல் என் இரண்டாவது மகனுக்கு அகீகா. அழைப்புப் பட்டியலை எழுதியவள் நான். அத்தாவின் மனம் கோணும் என்று சின்னச் சாச்சாவின் பெயரை எழுதாமல் விட்டேன். யாரும் என்னை விடச் சொல்லவில்லை. அத்தாகூடச் சொல்லவில்லை. பந்தியில் காலா என் அருகே வந்து, "ஒரு தலை குறைகிறதே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள். இதை எழுதும்போதும் எனக்குக் கை கூசுகிறது.

1998-இல் அத்தா மவுத்தானார்கள். வேலூரிலிருந்து நான் வந்து சேர்ந்தபோது, சட்டைக் கையை முழங்கை வரை மடித்துக்கொண்டு அந்தச் சுவர் வழியின் ஊடே சின்னச் சாச்சா வந்துகொண்டிருந்தார்கள். தம் அண்ணனை அவர்கள்தாம் முன்னின்று குளிப்பாட்டினார்கள். யாருடைய அனுமதியையும் கேட்கவில்லை, யாரும் தடுக்கவுமில்லை. வாழும்போது பதினோரு வருடம் தொடாத கையை அன்று எவ்வளவு மெதுவாகத் தூக்கிக் கழுவினார்கள் என்று தம்பி பிறகு என்னிடம் சொல்லி அழுதான்.

சில நாட்களுக்குப் பின் நான் அந்த வழியே மறுபக்கம் போனேன். சாச்சா திண்ணையில் சாய்ந்திருந்தார்கள். அகீகாவைப் பற்றிச் சொல்லி, மன்னித்துவிடுங்கள் என்று கேட்பதற்காக வார்த்தைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு போயிருந்தேன். பாதிதான் சொன்னேன். அவர்கள் கையை உயர்த்தி நிறுத்தினார்கள்.

"சேலை எப்படி இருக்கிறது?" என்று கேட்டார்கள்.

"பெட்டியில் பத்திரமாக இருக்கிறது, சாச்சா."

"பெட்டியில் வைத்தால் போதாது. வருடத்துக்கு ஒரு தடவையாவது பிரித்து மடிப்பை மாற்று. ஒரே மடிப்பில் கிடந்தால் சரிகை அந்த இடத்தில் முறிந்துவிடும்" என்றார்கள். பிறகு சாச்சியைக் கூப்பிட்டு, எனக்குத் தேநீர் போடச் சொன்னார்கள்.

2004-இல் அவர்களும் போய்விட்டார்கள். எண்மரில் கடைசியாக இருந்த காலா 2016-இல், நோன்பு முடிந்த மாதத்தில், என் தம்பியின் வீட்டில் கண் மூடினார்கள். அல்லாஹ் அவர்கள் அனைவருடைய கப்ருகளையும் விசாலமாக்கி வைப்பானாக.

சென்ற மாதம் சேலையைப் பிரித்தேன். பேத்தி ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். முந்தியிலிருந்து கரையைத் தடவிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்று, "நன்னி, இங்கே ஒரு மாங்காய் பாதிதான் இருக்கிறது" என்றாள். பழைய மடிப்புக்கு நாலு விரல் தள்ளிப் புது மடிப்பு வைத்து, இருவருமாக மடித்தோம்.