'இல்லக்கா... காணோம்!'

"ரெக்கார்டு நோட்டை எடுத்துட்டு வாடா"ன்னு ஆறு வயசுத் தம்பியை அனுப்பினேன். "இல்லக்கா"ன்னு வந்து நின்னான். போய்ப் பார்த்தா கண்ணெதிரே இருக்கு! நறுக்குன்னு ஒரு குட்டு. அழுதுட்டான்.

அப்புறம் சைக்காலஜி கிளாஸ்ல மாட்டிக்கிட்டது நான்தான். ஆன் டிரெய்ஸ்மனும் கேரி ஜெலாடும் 1980-லேயே சொன்னது இது. பச்சைக் கும்பலில் ஒரே ஒரு சிவப்பு, சட்டுனு கண்ணில் படும். நிறம், வடிவம் ரெண்டும் பொருந்தணும்னா ஒவ்வொண்ணாத்தான் தேடணும். இதில் குட்டீஸ் நம்மைவிட ஸ்லோ. தேடுறதை மனசுல பிடிச்சு, மத்ததை ஒதுக்க உதவுற முன்மூளை முழுசா முதிர இருபதைத் தாண்டணும். அப்போ நாமும் அரைவேக்காடுதான் பாஸ்!

நேத்து, "பச்சை அட்டை ஒண்ணுதான் இருக்கு, அதை எடு"ன்னேன். ஓடிப் போய் எடுத்துட்டு வந்தான். கொடுக்கும்போது மட்டும் ரெண்டடி தள்ளியே நின்னான்.