முருங்கைக் கொம்பும் முற்றத்துக் கோழியும்



சுங்கைப் பட்டாணியிலிருந்து பழைய சாலை வழியாகப் பீடோங், குரூண் பக்கம் போயிருக்கிறீர்களா? விரைவு நெடுஞ்சாலையில் பறப்பவர்களுக்கு இந்த அழகு கிட்டாது. இடது கைப்பக்கம் ஜெராய் மலை உங்களோடு கூடவே வரும். 1,200 மீட்டருக்கு மேல் உயர்ந்த அந்த மலைதான், கடாரம் தேடி வந்த நம் முன்னோரின் மரக்கலங்களுக்கு அடையாளமாக நின்றது என்பார்கள்.

ஆனால் நான் இன்று உங்களை அழைத்துப் போவது மலை உச்சிக்கும் அல்ல, பூஜாங் பள்ளத்தாக்கின் பழங்கோயில்களுக்கும் அல்ல. ஒரு வீட்டுக் கொல்லைக்கு!

சாலையின் இருபுறமும் கித்தா மரங்கள் நின்ற இடங்களில் இப்போது பெரும்பாலும் செம்பனை. செம்பனைக்கு நடுவே திடீரென ஒரு முருங்கை மரமோ, ஒரு செம்பருத்திப் புதரோ தென்பட்டால் சற்று நின்று பாருங்கள். அங்கே ஒரு காலத்தில் லயம் இருந்திருக்கும். வீடு போய்விட்டது, வீட்டுக்காரி நட்டது மட்டும் நிற்கிறது.

லயத்துக் கொல்லை வெறும் பொழுதுபோக்கு அல்ல, வாசகர்களே. கூட்டு மலாய் மாநிலங்களில் 1923-இல் வந்த தொழிலாளர் சட்டம், குடும்பமுள்ள தொழிலாளிக்கு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலத்தைப் பயிரிடவோ மாடு மேய்க்கவோ ஒதுக்க வேண்டும் என்றது. சுமார் 2,700 சதுர அடி. கெடா அந்தக் கூட்டில் சேராத மாநிலம். ஆனாலும் கொல்லை போடும் வழக்கம் இங்கேயும் வேரூன்றியது. காரணம், வயிறு!

பால்மரம் வெட்டுகிறவர்களுக்குத் தெரியும். விடியற்காலை மழை பிடித்துக்கொண்டால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் கூலிக்கு வழியில்லை. ஆண்டுத் தொடக்கத்தில் கெடாவில் வறட்சி. மரங்கள் இலை உதிர்த்து நிற்கும். மங்கில் பால் குறைந்துவிடும். அந்த நாட்களில் கடைக்காரரின் கடன் புத்தகம் நீளாமல் காத்தவை கொல்லையின் கீரையும், பாகற்காயும், கோழி இட்ட நாலு முட்டையும்தான். வேடிக்கை பாருங்கள்: கித்தா மரம் கைவிடும் அதே வெயில் காலத்தில்தான் முருங்கை பூத்துக் காய்க்கும்.

ஜப்பானியர் காலத்தை (1941–1945) நினைத்துப் பாருங்கள். அரிசி கண்ணில் படவில்லை. தோட்டத்து ஆண்களில் பலர் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டு போகப்பட்டார்கள், அவர்களில் ஏராளமானோர் திரும்பவில்லை. 1943 அக்டோபரில் கெடாவே சயாமின் கைக்கு மாறியது. அந்தக் கொடுங்காலத்தில் எத்தனையோ குடும்பங்களின் உயிரைப் பிடித்து வைத்தது கொல்லையில் ஊன்றிய மரவள்ளிக் குச்சி. இன்றும் சில முதியவர்கள் அந்தக் கிழங்கைத் தொடமாட்டார்கள். தின்று சலித்தது ஒன்று. தின்னும்போது பக்கத்தில் இருந்தவர்களின் நினைவு மற்றொன்று.

பிறகு 1950-களில் தோட்டத் துண்டாடல் வந்தது. தோட்டம் கைமாறினால் வேலை போகும். வேலை போனால் வீடு போகும். வீடு போனால் கொல்லை? கட்டியிருக்கும் மாடு? துன் வீ.தி. சம்பந்தன் தோட்டந்தோறும் சென்று, மாதம் பத்து வெள்ளியாக நூறு வெள்ளிப் பங்கு சேர்க்கச் சொன்னபோது நம்மவர்கள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கொடுத்தார்களே, அது எதற்காக? நிலத்துக்காக மட்டுமா? தம் கையால் நட்ட வாழை குலை தள்ளும்போது தாம் அங்கே இருக்க வேண்டும் என்பதற்காகவும்தான். 1960-இல் தோன்றிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் நம் கெடாவின் புக்கிட் சீடிம். கெடா வாசகர்கள் பெருமைப்படலாம்!

எல்லாத் தோட்டங்களுக்கும் அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. சுங்கைப் பட்டாணியில் ஒரு தாமான். மலிவு விலை வீடுகளின் வரிசையில் ஒரு பாட்டியைச் சந்தித்தேன். வாசலில் சாய வாளிகளில் கறிவேப்பிலை, துளசி, கற்பூரவல்லி. வேலியோரம் ஒரு முருங்கை. காலடியில் ஒரு சாம்பல் நிறப் பூனை.

"தோட்டத்த விட்டு வரும்போது என்ன பாட்டி கொண்டு வந்தீங்க?" என்றேன்.

"சாமி படம், அம்மி, இந்த முருங்கக் கொம்பு. அவ்வளவுதான் தம்பி. லட்சுமியக் கொண்டு வர முடியல."

லட்சுமி அவர் வளர்த்த பசு. தாமானில் மாடு கட்ட இடம் ஏது? விற்ற அன்று லாரி ஏற மறுத்ததாம். பாட்டி கழுத்தைத் தடவிக் கொடுத்த பிறகுதான் ஏறியதாம். "நானே ஏத்தி விட்டேன் தம்பி," என்றவர், அதற்கு மேல் பேசவில்லை. பூனையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது பாட்டியின் மகனுக்கு வேலை நின்றது. வீட்டில் ஒருவருக்கொருவர் முகம் பார்க்க முடியாத நாட்கள். பாட்டி தினமும் காலையில் மகன் கையில் தண்ணீர்க் குவளையைக் கொடுத்து, "செடிக்கு ஊத்துப்பா" என்பாராம். முதலில் முணுமுணுத்தவர், பத்தாம் நாள் தாமாகவே நாலு வாளிகளில் தண்டுக்கீரை விதைத்தாராம். முருங்கைக் கீரை வேலிக்கு அப்பால் மலாய் வீட்டுக்குப் போயிற்று. அங்கிருந்து மீன் குழம்பு வந்தது.

"செடி பேசாது, பூனையும் பேசாது. ஆனா ரெண்டுக்கும் நாம வேணும். அது போதும் தம்பி, எழுந்திரிக்க," என்றார் பாட்டி. நான் கேட்ட சொற்பொழிவுகளில் இவ்வளவு சுருக்கமானது வேறில்லை.

வாசகர்களே, உங்கள் வீட்டில் நிலம் இல்லையா? நாலு வாளி போதும். அடியில் துளை போடுங்கள். அரிசி கழுவிய நீரை ஊற்றுங்கள். முருங்கை வைக்க இடமிருந்தால் முற்றிய கொம்பாக வெட்டி, வெட்டுவாய் காய ஓரிரு நாள் நிழலில் போட்டுப் பிறகு நடுங்கள்; நீர் தேங்கினால் அழுகிவிடும். தொட்டித் தட்டிலும் தண்ணீர் தேங்க விடாதீர்கள். டெங்கிக் கொசுவுக்கு அதுவே போதும். நாய் வளர்ப்பவர்கள் நகராண்மைக் கழகத்தில் உரிமம் எடுத்துக்கொள்ளுங்கள். பூனையோ புறாவோ, கடைசிவரை வைத்துக் காப்பாற்ற முடியுமா என்று பார்த்தே வீட்டில் சேருங்கள். வாயில்லா ஜீவனைப் பிரியும் வேதனை பாட்டியோடு போகட்டும்.

விடைபெறும்போது பாட்டி முருங்கையில் ஒரு கொம்பை வெட்டி என் கையில் கொடுத்தார். தோட்டத்திலிருந்து வந்த அதே மரம். லயம் இடிந்துவிட்டது, மரம் இடியவில்லை. அது இப்போது என் வீட்டு வேலியோரம் துளிர் விட்டிருக்கிறது. கெடாப் பக்கம் வந்தால் சொல்லுங்கள். உங்களுக்கும் ஒரு கொம்பு உண்டு!