11ஆம் எண் கூண்டு

தனுஷ்கோடியின் அரிச்சல்முனையில் இறங்கியதும் கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி: இலங்கைக்கு நல்வரவாம். தலைமன்னார் முப்பது கிலோமீட்டர் தூரம்தான். நம்மூர் டவர் எட்டாத இடத்தில் அக்கரை டவர் முந்திக்கொள்கிறது. சிரிப்பு வந்தது. கூடவே, அடைமழைக் காலத்தில் இங்கே நிற்பவனுக்குக் கடல் நிலவரத்தை யார் சொல்வார்கள் என்றும் தோன்றியது.

1964 வரை தனுஷ்கோடி ஒதுக்குப்புறமான ஊரே அல்ல. ரயில் நிலையம், தபால் நிலையம், சுங்க அலுவலகம், அக்கரைக்குக் கப்பல் எல்லாம் இருந்தன. டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து வந்த 653ஆம் எண் பாசஞ்சர் ஊருக்கு வெளியே சிக்னல் விழாமல் நின்றது. புயல்காற்றில் சிக்னலே பழுது. காத்துப் பார்த்த ஓட்டுநர் விசில் ஊதியபடி வண்டியை நகர்த்தினார். கடல் முழு ரயிலையும் வாரிக்கொண்டது. நூற்றுக்கு மேற்பட்ட பயணிகளில் ஒருவரும் மிஞ்சவில்லை. பாம்பன் பாலமும் சிதைந்தது. ரயில் போன சேதி தலைமையகத்தை எட்டவே ஏறக்குறைய இரண்டு நாள் ஆனது. பாலத்தை 46 நாளில் சீராக்கிய பொறியாளர் ஸ்ரீதரனை எல்லோருக்கும் தெரியும். சேதி வராத அந்த இரண்டு நாளைப் பற்றி அதிகம் பேச்சில்லை.

துறைமுகப் புயல் கூண்டில் 1 முதல் 11 வரை எண்கள். பத்து வரைக்கும் புயல் எங்கே, எவ்வளவு மோசம் என்ற கணக்கு. 11 வேறு ரகம். வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, ஆனாலும் ஆபத்து இருக்கிறது என்று உள்ளூர் அதிகாரி தாமே முடிவுசெய்து ஏற்றுவது. தகவல் இல்லை என்பதையே தகவலாக்கிய இந்த ஏற்பாட்டின் மேல் எனக்குத் தனி மரியாதை.

சங்குமாலை விற்ற அக்காவிடம் கூண்டைப் பற்றிக் கேட்டேன்.

“அது டிவிக்காரங்களுக்கு, தம்பி. எங்களுக்கு டோக்கன்தான். மீன்துறை ஆபீஸ்ல போட்டுக்கு டோக்கன் குடுக்கலைன்னா கடலு சரியில்லைன்னு அர்த்தம்.”

பாம்பனில் மீனவர்களுக்காகவே நடக்கும் ‘கடல் ஓசை’ பண்பலையையும் சொன்னார். ஆனால் 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் 41 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அதில் பெரும்பங்கு சில மணி நேரத்துக்குள். அந்த வேகத்துக்குக் கூண்டும் கிடையாது, டோக்கனும் கிடையாது. எந்தத் தெருவில் இடுப்பளவு தண்ணீர், எந்தப் பள்ளிக்கூடம் திறந்திருக்கிறது என்பதுதான் அப்போது வேண்டிய சேதி. அது பக்கத்துத் தெருக்காரருக்குத்தான் முதலில் தெரியும்.

மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077 என்று சொல்லி வைத்தேன்.

“கூப்பிட்டா எங்கேருந்து வருவாங்க?”

“ராமநாதபுரத்திலிருந்து.”

“பாலம் நின்னா வருவாங்க” என்றபடி அடுத்த மாலையைக் கோக்கத் தொடங்கினார்.