சிரிப்புக்கு என்ன விலை?

சென்ற ஆண்டு நம் சங்கத்தின் சுவரிதழில் ஒரு கேலிச் சித்திரம் வந்தது நினைவிருக்கிறதா, நண்பர்களே? பொங்கல் விழாக் கணக்கேட்டைத் தலையணையாக வைத்து, சர்க்கரைப் பொங்கல் பானையைக் கட்டிக்கொண்டு ஒருவர் குறட்டை விடுவார். வரைந்தவன் நான்தான். அவர் யாரென்று எழுதவில்லை. எழுத வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அவரே என் அறைக்கு வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று எண்ணினேன். அவரோ தேநீர் வாங்கித் தந்து, "தம்பி, உன்னைப் போன்ற கலைஞன் செயற்குழுவில் இருக்க வேண்டாமா?" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சேர்ந்துவிட்டேன். பிறகு அவரை நான் வரையவேயில்லை.

இதை மறந்தே போயிருப்பேன். கோடை விடுமுறையில் ஊருக்குப் போகாமல் தங்கியிருந்தபோது, நூலகத்தில் ஜார்ஜ் மன்னர்கள் காலத்து இலண்டன் கேலிச் சித்திரங்கள் அடங்கிய பெரிய நூலொன்று கையில் கிடைத்தது. செப்புத் தகட்டில் கீறி, அமிலத்தில் அரிக்கவிட்டு, தாளில் அச்சிட்டுக் கையால் வண்ணம் தீட்டிய படங்கள். காசுள்ளவர்கள் வாங்கினார்கள், இல்லாதவர்கள் கடைச் சாளரத்தின் முன் கூடி நின்று சிரித்துவிட்டுப் போனார்கள். நான் இரண்டாவது கூட்டம்தான்.

அப்பப்பா, என்ன துணிச்சல்! 1792-இல் ஜேம்ஸ் கில்ரே பட்டத்து இளவரசரையே வரைந்தார். உண்டு களைத்த இளவரசர் முள்கரண்டியால் பல் குத்துகிறார். தொப்பையை ஒரே ஒரு பொத்தான் தாங்கி நிற்கிறது. பின்னால் கட்டப்படாத கடன் சீட்டுகள். அதற்கு இணையாக வந்த படத்தில் தந்தை மூன்றாம் ஜார்ஜ் அவித்த முட்டை தின்று சிக்கனம் பிடிக்கிறார்.

என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது 1783-இல் ஜேம்ஸ் சேயர்ஸ் வரைந்த படம். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியைத் தனி ஆணையர்களிடம் ஒப்படைக்க மசோதா கொண்டுவந்த ஃபாக்ஸ், கீழ்த்திசை மன்னர் வேடத்தில் யானைமேல் ஏறிக் கம்பெனி அலுவலகத்துக்குப் பவனி வருகிறார். யானைக்கு நார்த் பிரபுவின் முகம். முன்னால் எக்காளம் ஊதிக்கொண்டு பர்க். போட்டி நம் நாட்டைப் பற்றியது. படத்தில் நம்மவர் என்று சொல்ல அந்த யானைதான் உண்டு, அதன் முகத்தையும் பிடுங்கிவிட்டார்கள்! நாடாளுமன்ற விவாதங்களைவிட இந்த மாதிரிப் படங்களே தமக்கு அதிகக் கேடு செய்தன என்று ஃபாக்ஸ் வருந்தியதாகச் சொல்வார்கள். அந்த மசோதா தோற்றது. பிட் பிரதமரானார், பின்னர் சேயர்சுக்கு அரசுப் பதவி கிடைத்தது.

அந்த வரியில் என் கண் நின்றுவிட்டது. பக்கத்தைப் புரட்டினால் கில்ரேயும் அதே வழி. 1797 முதல் சில ஆண்டுகள் அவருக்கு ஆண்டுக்கு 200 பவுன் மறைவாக வந்தது. முன்பு பிட்டையும் விடாது கிண்டிய கை, பெரும்பாலும் எதிர்க்கட்சிப் பக்கமே திரும்பிக்கொண்டது. கொழுத்த இளவரசரோ 1820-இல் நான்காம் ஜார்ஜாக அரியணை ஏறினார். ஒழுக்கக்கேடான நிலையில் தம்மை வரைவதில்லை என்று ஜார்ஜ் குரூக்சாங்கிடம் உறுதி வாங்க அவ்வாண்டே 100 பவுன் கொடுத்தார். அதற்கு இரசீதும் உண்டு!

அவர்கள் பவுனாவது வாங்கினார்கள். நான் ஒரு கோப்பைத் தேநீருக்கு மடங்கினேன்.

அடுத்த சுவரிதழுக்குப் படம் கேட்டிருக்கிறார்கள். பொங்கல் கணக்கு இன்னும் வந்தபாடில்லை. பானையை மீண்டும் வரையத் தொடங்கியிருக்கிறேன். இம்முறை செயற்குழு முழுவதும் அதைச் சுற்றிப் படுத்திருக்கிறது. ஓரத்தில் கொஞ்சம் நீண்ட மூக்கோடு தூங்குபவனை மட்டும் மூன்று முறை அழித்து அழித்து வரைந்தாயிற்று. சாயல் இன்னும் சரியாக வரவில்லை.