தென்கோடி எது?

குமரிமுனைக்கு ஏழு கல் தொலைவிலுள்ள நாஞ்சில் நாட்டுச் சிற்றூரில் பிறந்தவன் நான். இளமையில் திருவிழா நாள்களில் தந்தையாரோடு குமரிக்குச் செல்வதுண்டு. கடலைச் சுட்டிக்காட்டி, "இதற்கப்பால் நம் நாடு இல்லை" என்பார் அவர். நாட்டின் கடைசி மண்ணில் கால் பதித்து நிற்கும் பெருமிதம் அந்நாளிலேயே என் நெஞ்சில் குடிகொண்டுவிட்டது.

1977-ஆம் ஆண்டில் நடுவண் அரசின் எழுத்தர் பணிக்குத் தேர்வு எழுதச் சென்றேன். பொது அறிவுத் தாளில், "இந்தியாவின் தென்கோடி முனை எது?" என்றொரு வினா இருந்தது. முன்பின் அறியாத ஊரில் சொந்தக்காரர் ஒருவரைக் கண்டாற்போல் மகிழ்ந்தேன். வினாவை இரண்டாம் முறை படிக்கவும் தோன்றவில்லை. கன்னியாகுமரி என்று விடையளித்துவிட்டுத் தலைநிமிர்ந்து வெளியே வந்தேன்.

வாயிலில் நின்ற இளைஞர் ஒருவர்தான் என் கண்ணைத் திறந்தார். 'இந்தியப் பெருநிலத்தின் தென்கோடி' என்று கேட்டிருந்தால் கன்னியாகுமரி சரி; 'இந்தியாவின் தென்கோடி' என்றால், அது பெரிய நிக்கோபார்த் தீவில் இருக்கிறது என்றார். பிக்மேலியன் முனை என்று அன்று வழங்கிய அவ்விடமே பின்னாளில் இந்திரா முனை என்று பெயர் பெற்றது. அந்த ஆண்டு நான் தேறவில்லை. அந்த ஒரு வினாவால்தான் தோற்றேன் என்று கூற மாட்டேன். ஆயினும் சொந்த ஊரைப் பற்றிய வினாவிலேயே இடறினேன் என்பதை வீட்டில் ஒருவரிடமும் நான் சொல்லவில்லை. அடுத்த முறை தேறி, 1979-இல் கம்பளி ஆடை ஒன்றுமின்றி ஓர் இரும்புப் பெட்டியுடன் தில்லி வந்து சேர்ந்தேன். அந்த வேலைதான் இன்றளவும் எங்கள் குடும்பத்தின் அடித்தளம்.

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக மறந்திருந்த அந்த வினா, பெயர்த்தியின் வாயிலாக மீண்டும் என் முன் வந்து நின்றது. அவள் குடிமைப் பணிகளுக்கான முதனிலைத் தேர்வை இருமுறை எழுதி இருமுறையும் தவறியிருந்தாள். ஒருநாள் மாலை என் மகள் வந்து, "அப்பா, நான் சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறாள். கையிலிருந்த வேலையையும் விட்டாயிற்று. இனிப் போதும் என்று நீங்கள் சொல்லுங்கள்" என்று கண்கலங்கினாள். சொல்வதாக வாக்களித்தேன்.

மறுநாள் காலை அவள் அறைக்குச் சென்றேன். மேசைமீது முந்தைய ஆண்டின் வினாத்தாள் கிடந்தது. சொல்ல வந்ததை ஒத்திவைத்து, "எத்தனை வினாக்களுக்கு விடையளித்தாய், மக்களே?" என்று கேட்டேன். "தொண்ணூற்று நான்கு, தாத்தா. ஒன்றையும் விட மனம் வரவில்லை" என்றாள். அவளது நோய் எதுவென்று அப்போது எனக்கு விளங்கியது. அது என்னுடைய பழைய நோய்.

இத்தேர்வின் அமைப்பைச் சற்றே கூற வேண்டும். தௌலத் சிங் கோத்தாரி தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி, 1979-இல் முதனிலைத் தேர்வு நடைமுறைக்கு வந்தது. பொது அறிவுத் தாளில் 100 வினாக்கள்; 120 நிமிடங்கள்; வினா ஒன்றுக்கு 2 மதிப்பெண். நான்கு விடைகளுள் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும். 2007 முதல், தவறான விடைக்கு அவ்வினாவின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழிக்கப்படுகிறது. விடையளிக்காமல் விட்டால் இழப்பு ஏதுமில்லை.

இதன் கணக்கை ஒரு தாளில் எழுதி அவளிடம் காட்டினேன். நான்கு வினாக்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு விடையளித்தால், சராசரியாக ஒன்று சரியாகி 2 மதிப்பெண் வரும். மூன்று தவறாகி அந்த இரண்டும் போய்விடும். மிச்சம் சுழி. ஒரு விடை தவறென்று உறுதியாக நீக்கிவிட்டு எஞ்சிய மூன்றில் ஒன்றைத் தெரிந்தால் சிறிது ஆதாயம் உண்டு. இரண்டை நீக்கினால் ஆதாயம் மும்மடங்காகும். எனவே ஊகம் குற்றமன்று. எதையும் நீக்க இயலாத இடத்தில் துணிவதுதான் பயனற்றது.

பிறகு தவறேடு ஒன்றைத் தொடங்கினோம். நாள்தோறும் விடியலில் பழைய வினாத்தாள்களை எடுத்துக்கொள்வோம். பிழையான ஒவ்வொரு விடையையும் மூன்று பத்திகளுள் ஒன்றில் எழுத வேண்டும்: அறியாதது, அவசரத்தில் படித்தது, குருட்டு ஊகம். நாற்பது நாள் கழித்துக் கூட்டிப் பார்த்தோம். எழுபது பிழைகளுள் அறியாமையால் நேர்ந்தவை பத்தொன்பது, ஊகத்தால் பதினேழு, எஞ்சிய முப்பத்து நான்கும் வினாவைச் சரியாகப் படிக்காமையால் வந்தவை. மேலும் மேலும் நூல்களை வாங்கி அடுக்கிக்கொண்டிருந்த அவள், அந்த எண்ணை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நடுப் பத்தியில் இடம்பெற்றவை சிலவற்றைக் கூறுகின்றேன். தென்னிந்தியாவின் மிக உயரமான சிகரம் எது? நம்மவர் கை தொட்டபெட்டாவை நோக்கித் தானே செல்லும். 2,637 மீட்டர் உயரமுள்ள அது தமிழ்நாட்டின் உயர்ந்த சிகரம். தென்னிந்தியாவுக்கோ கேரளத்தின் ஆனைமுடி, 2,695 மீட்டர். முதல் தலைமை ஆளுநர் யார்? வங்காளத்தின் என்றால் வாரன் ஹேஸ்டிங்ஸ். 1833-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்தியாவின் என்றால் பெண்டிங்க் பிரபு. விடுதலை பெற்ற இந்தியாவின் என்றால் மவுண்ட்பேட்டன். இந்தியர்களுள் என்றால் இராஜாஜி. நால்வரும் சரியான விடைகளே. எவரைக் குறிக்க வேண்டும் என்பதை அடைமொழிதான் முடிவு செய்கிறது.

'அனைத்தும்', 'மட்டுமே' போன்ற சொற்கள் இன்னொரு பொறி. குடியரசுத் தலைவர் தேர்தலில் நாடாளுமன்ற உறுப்பினர் அனைவரும் வாக்களிப்பர் என்பது படித்தவுடன் சரியென்றே தோன்றும். நியமன உறுப்பினர்களுக்கு அவ்வுரிமை இல்லை. துணைக் குடியரசுத் தலைவர் தேர்தலிலோ அவர்களுக்கும் வாக்குண்டு. இவ்விரண்டையும் அவள் அறிவாள். அறிந்திருந்தும் பிழை செய்தாள்.

2023-ஆம் ஆண்டுத் தாளில், "மேற்கண்ட கூற்றுகளுள் எத்தனை சரி?" என்னும் வகை வினாக்கள் மிகுந்து வந்தன. முன்பெல்லாம் ஒரு கூற்று தவறென்று தெரிந்தாலே இரண்டு விடைகளை நீக்கிவிடலாம். இவ்வகையில் ஒவ்வொரு கூற்றையும் ஐயமற அறிந்திருக்க வேண்டும். அரைகுறை அறிவுக்கு அங்கே இடமில்லை.

ஒரு நாள் அவள் கேட்டாள்: "தாத்தா, இது அறிவைச் சோதிப்பதா, அல்லது ஏமாற்றுவதா?" உடனே மறுமொழி கூற எனக்கு வரவில்லை. அலுவலகத்தில் கழித்த ஆண்டுகளை எண்ணிப் பார்த்தேன். ஓர் ஆணையில் 'மட்டும்' என்றொரு சொல் விடுபட்டதால் ஓய்வூதியத்துக்கு அலைந்த முதியவர்களைக் கண்டிருக்கிறேன். கோப்பை முழுதும் படிக்காமல் கையெழுத்திட்டவர்களையும் அறிவேன். "சில வினாக்கள் வெறும் குறும்புதான், மக்களே. ஆனால், எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடி படிக்கத் தெரியாதவரிடம் ஒரு மாவட்டத்தை ஒப்படைக்க முடியுமா?" என்றேன். பிறகு, 1977-இல் நான் எழுதிய விடையையும் அவளிடம் சொன்னேன். முதலில் சிரித்தாள்; பின்னர் என் கையைப் பற்றிக்கொண்டாள். மகளிடம், "இன்னும் ஒரு முறை எழுதட்டும், அம்மா" என்று நானே பரிந்து பேசினேன். வாக்குத் தவறியவன் என்னும் பழியையும் ஏற்றேன்.

கோடையில் தேர்வு வந்தது. தேர்வுக்கூட வாயிலில் குடையோடு காத்திருந்தேன். வெளியே வந்தவள், "தாத்தா, பதினேழு வினாக்களைத் தொடவே இல்லை. கை பரபரத்தது, ஆனாலும் தொடவில்லை" என்றாள். 'எனக்குத் தெரியாது' என்று பதினேழு முறை ஒப்புக்கொண்டு வந்திருக்கிறாள். அதுவரை அவள் பெற்ற பரிசுகள் எவற்றையும்விட அது எனக்கு உவகை தந்தது. தேறியோர் பட்டியலில் அவள் எண் இருந்தது. முதன்மைத் தேர்வும் நேர்முகத் தேர்வும் இனிமேல்தான். வென்றாள் என்று எழுதும் காலம் இன்னும் வரவில்லை.

இம்மலரைப் படிக்கும் பெற்றோர் பலர் வீட்டிலும் இவ்வாறொரு மேசையும் விளக்கும் இருக்கும். பிள்ளை தவறிவிட்டால், அறிவில்லை என்றோ உழைப்பில்லை என்றோ முடிவு கட்டுமுன் அவ்வினாத்தாளை ஒருமுறை உடனிருந்து படித்துப் பாருங்கள். எங்கே இடறியது என்பது அதிலேயே எழுதியிருக்கும்.

பட்டியல் வந்த பிறகு அவளை ஊருக்கு அழைத்துச் சென்றேன். குமரிக் கரையில், என் தந்தையார் நின்ற அதே இடத்தில் நின்றோம். அவள் குறும்பாக என்னைப் பார்த்து, "தாத்தா, இதுதானே தென்கோடி?" என்றாள்.

"எதன் தென்கோடி என்று கேட்கிறாய், மக்களே?" என்றேன்.